அரிய இனக் காவல் நாய்: குட்டிக்கு முன் மந்தை

கேள்வி: எங்களிடம் அறுபது செம்மறிகளும் இருபது வெள்ளாடுகளும் உள்ளன. இரவில் ஆடுகளைத் தூக்கும் விலங்குகளால் தொடர்ந்து இழப்பு ஏற்படுகிறது. பல்கேரியாவின் காரகச்சான் என்ற காவல் நாய் இனத்தைச் சேர்ந்த இரண்டு குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்த ஆணும் பெண்ணுமாக, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் பேசி வைத்திருக்கிறோம். மந்தைக்குக் காவலும் கிடைக்கும், அருகிவரும் ஓர் இனத்தைப் பெருக்கவும் முடியும், குட்டிகளை விற்றுச் செலவையும் ஈடுகட்டலாம் என்று நினைக்கிறோம். இது சரியான திட்டமா?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று நோக்கங்களும் நியாயமானவைதான். ஆனால் ஒரே ஈற்றில் பிறந்த ஒரு ஜோடியைக் கொண்டு அவற்றுள் ஒன்றைக்கூட ஒழுங்காக நிறைவேற்ற முடியாது. முன்பணம் கொடுக்கவில்லை என்றால் அந்த ஆண் குட்டியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெண் குட்டியைப் பற்றி மட்டும் மேற்கொண்டு பேசலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உடன்பிறந்த இரண்டை இணைத்தால் பிறக்கும் குட்டிகளின் உறவுக்கலப்பு அளவு, அதாவது ஒரே முன்னோரின் ஒரே மரபணு இருவழியாகவும் வந்துசேரும் வாய்ப்பு, 25 விழுக்காடு. தாயோ தந்தையோ மட்டும் பொதுவாக இருந்தால் 12.5, ஒன்றின் தாயோ தந்தையோ மற்றதன் தாயோடோ தந்தையோடோ உடன்பிறந்ததாக இருந்தால் 6.25. முன்னோர்களுக்குள் வேறு உறவே இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. எண்ணிக்கை குறைந்த இனங்களில் அப்படி இருப்பது அபூர்வம் என்பதால், உண்மை அளவு இதைவிட அதிகமாகத்தான் இருக்கும். குறைந்த எண்ணிக்கையில் குட்டி ஈனுதல், பிறந்த சில நாள்களில் குட்டிகள் இறத்தல், நோய் எதிர்ப்புத் திறன் தேய்தல் ஆகியவை இதன் வழக்கமான விளைவுகள். இனத்தைக் காப்பதாக நினைத்துச் செய்யும் காரியம் அதன் வேரையே அறுப்பதாக முடியும்.

இந்த இனங்கள் ஏன் அரிதாயின என்பதையும் யோசிக்க வேண்டும். காரகச்சான் நாய், பால்கன் மலைகளில் மந்தையோடு இடம்பெயர்ந்து வாழ்ந்த அதே பெயருடைய இடையர்களின் நாய். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பல்கேரியாவில் மந்தைகள் அரசுடைமை ஆனதும் அந்த வாழ்க்கை முறை குலைந்தது; நாய்க்கும் வேலை போயிற்று. ஸ்பெயினின் பிரனீஸ் மஸ்டிஃப் இனம் ஓநாய்கள் குறைந்ததும் தேவையற்றதாகி, ஏறத்தாழ மறைந்தே போய், 1970-களில்தான் எஞ்சிய சில நாய்களைத் தேடிப்பிடித்து மீட்கப்பட்டது. ஹங்கேரியின் குவாஸ், கொமொண்டோர் இனங்களை இரண்டாம் உலகப் போர் பெருமளவு அழித்தது. போரைத் தவிர்த்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வேலை போனது, நாயும் போனது. ஆகவே உங்களிடம் இருக்கும் எண்பது ஆடுகள்தாம் இந்த இனத்துக்கு நீங்கள் தரக்கூடிய பெரிய உதவி. கூண்டில் அடைத்துக் குட்டி எடுப்பவர்கள் வேறு இடங்களில் போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்.

மந்தைக் காவல் நாய் ஆடுகளை ஓட்டுவதில்லை, மடக்குவதில்லை. அவற்றோடு ஒன்றாக வாழ்கிறது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் நூற்றுக்கணக்கான நாய்களைப் பண்ணைகளில் விட்டுப் பார்த்தபோது, நல்ல காவல் நாய்க்கு மூன்று குணங்களை வரையறுத்தார்கள்: ஆடுகளுக்குத் தீங்கு செய்யாத நம்பகம், ஆடுகளை விட்டு அகலாத கவனம், அயல் விலங்கு வந்தால் எதிர்த்து நிற்கும் காவல் குணம். பிறப்பில் வரும் நாட்டம் இதற்கு அடித்தளம் என்றாலும், குட்டி யாரைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்கிறது என்பது ஏறக்குறைய மூன்றாவது வாரம் முதல் பதினாறாவது வாரத்துக்குள் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். வெறிநோய்த் தடுப்பூசியைப் பன்னிரண்டாவது வாரத்துக்கு முன் போட்டால் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்பதில்லை. போட்ட பின் 21 நாள்கள் காத்திருக்கவும் வேண்டும். எனவே அங்கே நுழையும் குட்டிக்குப் பொதுவாகப் பதினைந்து வாரமாவது ஆகியிருக்கும். அமெரிக்காவோ 2024 ஆகஸ்ட் முதல் ஆறு மாதம் நிரம்பாத நாயை அனுமதிப்பதில்லை. உங்கள் நாட்டு விதி எதுவானாலும், குட்டி உங்கள் கைக்கு வரும்போது அதன் மனம் திறந்திருக்கும் காலம் முடிந்தோ, முடியும் தறுவாயிலோ இருக்கும். அதுவரை அது ஆட்டுப்பட்டியில் இருந்ததா, வீட்டுக் கூடத்தில் குழந்தைகளோடு இருந்ததா என்பதே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். வம்சாவளிச் சான்றிதழைக் கேட்பதற்கு முன், எட்டு முதல் பன்னிரண்டு வார வயதில் குட்டி ஆடுகளோடு இருக்கும் காணொளியைக் கேளுங்கள். தாய் நாய் இரவில் எங்கே படுக்கிறது என்றும் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அந்தக் காணொளியில் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். நல்ல குட்டி ஒரு பெட்டை ஆட்டை நேராக எதிர்கொள்ளாது. தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னுக்குச் சாய்த்து, பக்கவாட்டில் நெருங்கி ஆட்டின் வாயோரத்தை நக்கும். ஆடு முட்டினால் மல்லாந்து வயிற்றைக் காட்டும், பிறகு இரண்டடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். அசையாமல் முறைத்துப் பார்ப்பதும், பதுங்கி நகர்வதும், ஓடும் ஆட்டின் பின்னங்காலைக் குறிவைப்பதும் இந்த வேலைக்கு ஆகாத அறிகுறிகள்.

பொதுவாக ஆறாவது மாதத்திலிருந்து பதினெட்டாவது மாதம் வரை உங்கள் பொறுமை சோதிக்கப்படும். அதுவரை சாதுவாக இருந்த குட்டி திடீரென ஆட்டுக்குட்டியைத் துரத்தும், கம்பளியைப் பிடித்து இழுக்கும், காதைக் கடிக்கும். நான் கண்காணித்த ஒரு நாய் தன் எட்டாவது மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று ஆட்டுக்குட்டிகளின் காதைக் கிழித்தது. உரிமையாளர் அதை ஒழித்துக்கட்டவே முடிவு செய்துவிட்டார். முட்டத் தெரிந்த கிழட்டு ஆடுகள் நான்கோடு தனிப்பட்டியில் அதை வைத்து, ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் மந்தைக்குள் விட்டதில், இரண்டு வயதில் அது நம்பத்தக்க காவலனாயிற்று. இந்த விளையாட்டு வெறி ஒன்றாக இருந்தால் அடங்கும்; ஒரே வயதில் இரண்டு இருந்தால் ஒன்று துரத்த மற்றது மறிக்கும். உடன்பிறந்த ஜோடியை நான் மறுப்பதற்கு மரபியலைவிட இதுவே அவசரமான காரணம். அவை ஆடுகளிடம் ஒட்டாமல் தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு நாய்கள் தேவையென்றால் முதல் நாய் வேலை கற்ற பிறகு, குறைந்தது ஒன்றரை ஆண்டு இடைவெளியில், இரண்டாவதைக் கொண்டுவாருங்கள். பாதிப் பாடத்தை மூத்தது சொல்லிக்கொடுத்துவிடும்.

காவல் நாயை மனிதக் கை தொடவே கூடாது என்றொரு நம்பிக்கை உலவுகிறது. இது தவறு. பூர்விக மலைகளில் இடையன் இரவும் பகலும் நாயின் அருகில் இருந்தான். அறுபது கிலோ எடையுள்ள நாயைக் கழுத்துப்பட்டியில் நடத்தவோ, காலைத் தூக்கி முள் எடுக்கவோ, மருத்துவரிடம் காட்டவோ முடியாவிட்டால் ஆபத்து நாய்க்கும் உங்களுக்கும்தான். தினமும் பட்டிக்குள்ளேயே வைத்துத் தொட்டுப் பழக்குங்கள். ஆனால் வீட்டு வாசலில் வைத்து உணவிடாதீர்கள். வேலியை நாய் வருவதற்கு முன்பே பலப்படுத்துங்கள், ஏனெனில் இவை தங்கள் எல்லையைத் தாங்களே விரித்துக்கொள்ளும் குணமுடையவை. இரவு முழுவதும் குரைக்கும் என்பதை அண்டை வீட்டாரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இனி இனப்பெருக்கம். இரண்டு வயது நிரம்பி, குறைந்தது ஒரு முழுப் பருவமாவது மந்தையில் நம்பகமாக நின்ற பெட்டையை மட்டுமே இணை சேர்க்க வேண்டும். இடுப்பு, முழங்கை மூட்டுகளின் எக்ஸ்ரே, இதயப் பரிசோதனை, இருபாலுக்கும் புரூசெல்லா கேனிஸ் (கருச்சிதைவை உண்டாக்கும் தொற்றுக் கிருமி) பரிசோதனை ஆகியவை கட்டாயம். பல இனங்களில் காணப்படும் தண்டுவடச் சிதைவு போன்ற ஒடுங்கு மரபணு நோய்களுக்கு, அதாவது குறைபட்ட மரபணு தாய், தந்தை இரு வழியிலும் வந்தால் மட்டுமே தாக்கும் நோய்களுக்கு, மரபணுச் சோதனை உண்டு. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. குறைபட்ட மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் நாயைச் சிறிய இனத்தில் ஒதுக்கிவிடக் கூடாது. அப்படி ஒதுக்கினால் அதனோடு நல்ல மரபணுக்களும் இழக்கப்படும். அதைக் குறையற்ற நாயோடு இணைத்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் சுமப்பவையாக இருக்கும், நோய் ஒன்றுக்கும் வராது. அடுத்த தலைமுறையில் குறையற்ற குட்டியைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஆண் நாய்களின் எண்ணிக்கையைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஐம்பது பெட்டைகளுக்கு இரண்டு ஆண்களை மட்டும் பயன்படுத்தினால், மரபியல் கணக்கில் அந்தக் கூட்டம் எட்டு நாய்களுக்குக்கூட ஈடாகாது. பத்து ஆண்களைப் பயன்படுத்தினால் முப்பத்துமூன்றுக்கு ஈடாகும். ஐநா உணவு வேளாண் அமைப்பு பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு ஐம்பது. பரிசு வென்ற ஆணை எல்லோரும் தேடிப்போவதே பல இனங்களைக் கெடுத்தது. ஆகவே பெயர் பெறாத, ஆனால் மந்தையில் நிற்கிற ஓர் ஆணைத் தேடுங்கள். தொலைவில் இருந்தால் உறைவிந்து வரவழைக்கலாம். உருகிய உறைவிந்து ஏறத்தாழ ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும், கருமுட்டையோ வெளிப்பட்டு இரண்டு நாள்கள் கழித்தே முதிரும். எனவே புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனின் அளவை அடுத்தடுத்து இரத்தத்தில் பார்த்து நாள் குறிக்கும் மருத்துவர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். கருமுட்டை வெளிப்பட்டதிலிருந்து ஏறத்தாழ 63 நாள்களில் பெட்டை ஈனும். ஈனும் அறை ஆட்டுப்பட்டியை ஒட்டியே இருக்கட்டும். கண் திறக்கும்போது குட்டிகள் ஆட்டு வாசனைக்குப் பழகியிருக்க வேண்டும்.

குட்டிகளை வேகமாகப் பருக்க வைக்காதீர்கள். மிகுதியான கால்சியம் பெரிய இனங்களின் எலும்பைக் கெடுக்கும். செத்த ஆட்டின் பச்சை இறைச்சியையோ குடலையோ நாய்க்குப் போடவே கூடாது. நாடாப்புழு நாயிடமிருந்து ஆட்டுக்கும் ஆட்டிடமிருந்து நாய்க்கும் சுற்றிவரும் வழி அது, அவற்றில் சில மனிதரையும் பாதிக்கும். புழுநீக்கக் கால அட்டவணையை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

செலவு ஈடாகுமா என்று கேட்டீர்கள். பரிசோதனைகள், உறைவிந்து, அறுவை தேவைப்பட்டால் அதற்கான செலவு, விலைபோகாத குட்டிகளுக்கு ஆறு மாத உணவு இவற்றைக் கூட்டிப் பார்த்தால் முதல் ஈற்றில் கையைக் கடிக்கும் என்றே எதிர்பாருங்கள். உங்களுக்குத் திரும்பக் கிடைப்பது பறிபோகாத ஆடுகளாகத்தான் இருக்கும். அதையும் நாய்க்கு இரண்டு வயதான பிறகே கணக்கிட முடியும். குட்டி விற்கும் நாள் வந்தால், ஆடு வைத்திருப்பவருக்கு முன்னுரிமை கொடுங்கள், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எந்த வயதிலும் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வளர்ந்த நாய் ஒன்று திரும்பி வந்தால் விடுவதற்கு ஒரு தனிப்பட்டி இப்போதே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், பெண் குட்டி வந்து சேர்வதற்குள் அதைக் கட்டி முடியுங்கள். குட்டி துரத்தத் தொடங்கும் எட்டாவது மாதத்தில் அதே பட்டி உங்களுக்குத் தேவைப்படும்.