டிரெய்லர் டெஸ்ட்: ரிவர்ஸும் கப்ளிங்கும்

தம்பி, 12 வீல் லாரி ஓட்டிய பழக்கம், அடுத்த வாரம் 40 அடி கன்டெய்னர் டிரெய்லரில் டெஸ்ட், ரிவர்ஸ்தான் பயம் என்கிறீர்கள். லாரி மாதிரியே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டிரெய்லர் எதிர்ப்பக்கம் போகும். அதனால் ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள்; டிரெய்லரின் பின்பக்கம் எங்கே போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கமே நகர்த்துங்கள். டிரெய்லர் திரும்பத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கை மறுபக்கம் ஒடித்து அதைப் பின்தொடர வேண்டும். தாமதித்தால் கேபினும் டிரெய்லரும் 'எல்' போல மடங்கிவிடும். அப்போது போராடாதீர்கள், முன்னே இழுத்து நேராக்கி மறுபடி ஆரம்பியுங்கள். சந்தேகம் வந்தால் நிறுத்தி, இறங்கிப் போய்ப் பின்னால் பாருங்கள். அதில் வெட்கமே வேண்டாம்.

ரிவர்ஸைவிட எனக்குக் கவலை கப்ளிங்தான், அதாவது முன் வண்டியோடு டிரெய்லரை இணைப்பது. கிங்பின் (டிரெய்லரின் முன் அடியில் இருக்கும் இணைப்பு முளை) முன் வண்டியின் லாக்கில் மாட்டியதும், டிரெய்லர் பிரேக் பிடித்த நிலையிலேயே முதல் கியரில் மெல்ல முன்னே இழுத்துப் பாருங்கள். பிறகு இறங்கி டார்ச் அடித்து, லாக் கிங்பின்னைச் சுற்றி முழுதாக மூடியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அதற்கப்புறம்தான் ஏர் ஹோஸ் (பிரேக்குக்குக் காற்று போகும் இரண்டு குழாய்கள்), லைட் கேபிள், கடைசியாக முன் ஊன்றுகாலைத் தூக்குவது. ஹோஸ் இரண்டும் மாறிவிட்டால் டிரெய்லர் பிரேக் விடாது.

லைசென்ஸில் டிரான்ஸ்போர்ட் (வணிக வாகனம்) செல்லுபடித் தேதி தனியாக இருக்கும், இன்றே பாருங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.