கிளாரினெட் பேரலை வேறு மரத்தில் மாற்றினால் வாசிப்பு மாறுமா?

மாறும். பேரல் என்பது மவுத்பீஸுக்கும் மேல் ஜாயிண்டுக்கும் நடுவே செருகும் சிறு குழாய். அதை மாற்றினால் வாசிப்பு மாறுவது பெரும்பாலும் மரத்தால் அல்ல, உள்துளையின் அளவால். கோகோபோலோ மரத்தில் செய்த பேரல் போட்டதும் நாதம் கனிந்துவிட்டது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. பழைய பேரலுக்கும் புதியதற்கும் மரம் மட்டுமா வேறு? நீளம், துளை, துளையின் சரிவு எல்லாமே வேறாக இருக்கும். பாராட்டு மட்டும் மரத்துக்குப் போய்விடுகிறது.

கிளாரினெட்டில் ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று. சுவரும் அதிரத்தான் செய்கிறது, ஆனால் அந்த அதிர்வு நாதத்தை மாற்றப் போதாது என்பதை அமெரிக்க இயற்பியலாளர் ஜான் பேக்கஸ் 1964-லேயே அளந்து காட்டிவிட்டார்.

பி ஃபிளாட் கிளாரினெட்டுக்குப் பேரல் நீளம் வழக்கமாக 64 முதல் 67 மி.மீ. துளை ஏறத்தாழ 15 மி.மீ. மேலே அகன்று கீழே குறுகும் துளையும் உண்டு. பிலடெல்பியாவில் பட்டறை வைத்திருந்த ஹான்ஸ் மோனிக் பெயரில் அது பிரபலம். இந்தச் சரிவு மி.மீ.-இல் பத்தில் ஒரு பங்கு மாறினாலும் கீழ் ஸ்வரத்துக்கும், ரெஜிஸ்டர் கீயை (பின்பக்கம் இடது கட்டைவிரலுக்கான கீ) அழுத்தினால் அதே விரலில் வரும் மேல் ஸ்வரத்துக்கும் உள்ள இடைவெளி நகரும். வாசிப்பவருக்கு அது "ஊத இதமாக இருக்கிறது", "கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது" என்றுதான் தெரியும்.

நீளத்தின் கணக்கு எளிது. பேரல் 1 மி.மீ. கூடினால், விரல் வைக்காமல் வரும் ஜி சுமார் 7 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். எல்லா ஸ்வரத் துளைகளையும் மூடி வரும் அடி ஈ 3 சென்ட்தான் இறங்கும். அதனால் சுருதி ஏறி நிற்கிறதென்று பேரலை 2 மி.மீ.க்கு மேல் இழுத்தால் அந்த ஜியும் அதை ஒட்டிய நடு ஸ்வரங்களும் தொங்கிவிடும். இழுத்த இடத்தில் உள்ளே ஒரு பள்ளமும் விழும். அதை அடைக்க டியூனிங் வளையம் போடலாம். நீளமான பேரல் வாங்கினால் பள்ளம் விழாது, ஆனால் நடு ஸ்வரங்கள் அப்போதும் கூடுதலாகத்தான் இறங்கும்.

சரி, பொருளுக்கு வேலையே இல்லையா? உண்டு. கடைந்த அளவை அது எத்தனை நாள் காப்பாற்றுகிறது என்பதில்தான் இருக்கிறது. வழக்கமான கிரெனடில்லா (நம்மூர் ஈட்டி மரத்தின் இனம்) மூச்சின் ஈரத்தைக் குடித்து உப்பும். ஆண்டு வளையத்தின் போக்கில் அதிகம், குறுக்கே குறைவு என்று உப்புவதால் வட்டத் துளை லேசாக நீள்வட்டமாகும். புதுப் பேரலை முதல் இரண்டு வாரம் நாளுக்கு 15 நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள். ஊதி முடித்ததும் துணி விட்டுத் துடையுங்கள். ஏசி அறையில் சில்லிட்டுக் கிடந்ததை அப்படியே எடுத்து ஊதினால் உள்பக்கம் முதலில் விரியும். மரம் வெடிப்பது அப்படித்தான்.

எபோனைட்டும் (கெட்டி ரப்பர்) டெல்ரினும் (ஒரு வகை பிளாஸ்டிக்) ஈரத்துக்கு அசைவதில்லை. மழைக்காலத்திலும் கடற்கரை ஊர்களிலும் என் ஓட்டு இவற்றுக்கே. குறை ஒன்றுதான்: நீர் சுவரில் ஊறாமல் துளியாக வழிந்து கீழே ஸ்வரத் துளைகளில் நின்று குளறும். எபோனைட்டை வெயிலிலும் வெந்நீரிலும் காட்டக் கூடாது, பச்சை கலந்த பழுப்பாகிவிடும். உலோகப் பேரல் சீக்கிரம் குளிர்ந்து உள்ளே வியர்க்கும், அதனால் நான் சிபாரிசு செய்வதில்லை.

மரப் பேரல் மாட்டிக்கொண்டு வரவில்லையென்றால் குறடு போடாதீர்கள், பேரலின் உலோக வளையம் நசுங்கும். ஒரு நாள் உலரவிட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும். பிறகு மேல் ஜாயிண்டில் பேரலுக்குள் போகும், கார்க் சுற்றிய செருகு முனையைப் பாருங்கள். மரத்தில் பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் பிடிப்பது கார்க் அல்ல, மரம். கார்க்கைச் சுரண்டிப் பயனில்லை. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அந்தத் தடத்தை மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை. ஒரே நீளமுள்ள இரண்டு பேரலை எடுத்து இரண்டையும் கையில் வைத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த பேரல் சுருதி இறங்கி ஏமாற்றும். மவுத்பீஸ், ரீட் மாறக் கூடாது. நீங்கள் திரும்பி நிற்க, இன்னொருவர் மாற்றி மாற்றிப் பொருத்தட்டும். டியூனரில் அடி ஈ–மேல் பி, அடி எஃப்–மேல் சி, அடி ஜி–மேல் டி ஜோடிகளில் ஒவ்வொரு ஸ்வரமும் எத்தனை சென்ட் விலகுகிறது என்று குறியுங்கள். எந்தப் பேரலில் ஜோடியின் இரண்டு விலகல்களும் நெருங்கி வருகின்றனவோ அதை வாங்குங்கள். விற்பவரிடம் துளையின் மேல் அளவு, கீழ் அளவு கேளுங்கள். மரத்தின் பெயர் மட்டும் பதிலாக வந்தால் அந்தப் பணத்துக்கு நல்ல மவுத்பீஸ் பார்க்கலாம்.