சவுண்ட்காரர் பதில்கள்

(காட்பாடியில் 1986 முதல் 2003 வரை மாடி அறையில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தவர் பதில் சொல்கிறார்.)

சென்னை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது இங்கே எதற்கு ஒரு ஸ்டுடியோ? யார் வந்தார்கள்?
– வாசகர், ராணிப்பேட்டை

இதை என் மாமனார் 1986-லேயே கேட்டுவிட்டார். பக்கம்தான். ஆனால் நாலு பம்பைக்காரர்கள் பஸ் ஏறிப் போய், ஓட்டலில் சாப்பிட்டு, மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து அம்மன் பாட்டு பாடினால் கையில் என்ன மிஞ்சும்? அவர்களை நம்பித்தான் கடை போட்டேன். அடுப்பு எரிந்ததென்னவோ ஆட்டோ விளம்பரத்தில். ஆடித் தள்ளுபடி, சர்க்கஸ், கட்சிக் கூட்டம். தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் எதிர்க்கட்சி. இரண்டுக்கும் குரல் அடியேன்தான்.

அறை முன்பு பீடி இலை மூட்டை அடுக்கிய குடோன். கழுவிச் சுண்ணாம்பு அடித்தும் நெடி போகவில்லை. வந்தவர்கள் முதல் அரை மணி இருமித் தீர்ப்பார்கள். மெஷின் ஒன்றே ஒன்று, கேசட்டில் நாலு டிராக், அதாவது நாலு தனித்தனி ஒலித்தடம், பதியும் வகை. டேப் இரட்டை வேகத்தில் ஒரே பக்கமாக ஓடும் என்பதால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் பிடிக்கும். மூன்று டிராக்கில் தாளமும் பின்பாட்டும் எடுத்து, அதை நாலாவதில் ஒன்றாக இறக்கி, காலியான மூன்றில் மறுபடி பாட வைப்பேன். ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் ‘உஸ்’ சத்தம் கொஞ்சம் ஏறும். மூன்றாம் தடவை எவன் செய்தாலும் கேட்கச் சகிக்காது.

அப்புறம் ரயில். சென்னை லைன் ஒரு தெரு தள்ளி. டைம்டேபிளைச் சுவரில் ஒட்டிப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்வோம். கூட்ஸ் வண்டிக்கு ஏது டைம்டேபிள்?

முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் உள்ளே வராதாமே?
– வாசகர், ஆம்பூர்

நானும் ஒட்டினேன். உள்ளே எதிரொலி கொஞ்சம் குறைந்தது. வெளிச்சத்தம் ஜாம்ஜாமென்று வந்தது. கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும்தான் சத்தத்தை நிறுத்தும். முட்டை அட்டைக்குப் பல்லி மட்டும் குடிவரும்.

ஏன் மூடினீர்கள்?
– வாசகர், ஆற்காடு

1999-ல் கம்ப்யூட்டர் வாங்கினேன். டேப்பில் பாடும்போது கரண்ட் போனால் குரல் இழுத்துக்கொண்டே சாய்ந்து நிற்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கம்ப்யூட்டரில் ஒரு மதியப் பாட்டு மொத்தமும் போயிற்று. அதைக்கூடத் தாங்கினேன். ஒரு விழாக் கமிட்டி 500 கேசட் எடுத்துக்கொண்டு போய், பாதிப் பணத்தை இன்றுவரை தரவில்லை. அப்புறம் சிடி வந்தது. கேசட் கேட்டு வருவது நின்றது. சரி, போதும் என்று பூட்டினேன்.

என் அப்பா கூத்தில் கட்டியக்காரர். உங்களிடம் பதிந்த கேசட் ஒன்று இருக்கிறது. நெடுக யாரோ சிரிக்கிறார்கள், யார் அவர்கள்? லேபிளில் ‘வ.ஆ. மாவட்டம்’ என்று இருப்பதால் 1989-க்கு முந்தியதா? இப்போது கீச்சென்று கத்தி நின்றுவிடுகிறது.
– வாசகி, குடியாத்தம்

லேபிளை நம்பாதீர்கள் அம்மா. ஆயிரம் அச்சடித்த கையோடு 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்துவிட்டார்கள். லேபிள் தீரும்வரை என் கேசட்டில் மாவட்டம் பிரியவில்லை. உங்களுடையது 1990 ஐப்பசி. சீசன் முடிந்து கையில் ஆட்டம் இல்லாத மாதத்தில்தான் அப்பாவின் கூத்துச் செட்டு வந்தது.

நின்று பாடச் சொன்னால் கர்ணன் வேஷக்காரருக்குப் பாட்டே வரவில்லை. சலங்கை கட்டிச் சுற்றினால்தான் வரும். சுற்றினால் குரல் மைக்கை விட்டுப் போய்விடும். எப்படியும் ஃபேனைப் போடப்போவதில்லையே என்று அதைக் கழற்றி, கொக்கியில் மைக்கைத் தொங்கவிட்டேன். முகவீணைக்காரரை மாடிப்படியில் உட்கார வைத்தேன். பேர்தான் வீணை, நாயனம் மாதிரி ஊதுகிற வாத்தியம்; உள்ளே விட்டால் மற்றதெல்லாம் காணாமல் போய்விடும். விடிய விடிய ஆடுகிற கூத்தை 90 நிமிடக் கேசட் இரண்டில் அடக்க எதை வெட்டுவது என்று கூத்து வாத்தியார் ஒரு பீடிக்கட்டு தீரும்வரை யோசித்தார்.

உங்கள் அப்பாவுக்கு வேறு தொல்லை. சுவரைப் பார்த்து நக்கலடிக்க வரவில்லை. மூன்று தடவை தொடங்கி, “ஆள் இல்லாம எப்படி சார்?” என்று உட்கார்ந்துவிட்டார். கீழே டீக்கடையில் இருந்த ஏழெட்டுப் பேரைக் கூட்டி வந்து பெஞ்சு போட்டேன். சிரிப்பது அவர்கள்தான். கிளாஸ் வைக்கிற சத்தமும் கேட்கும்.

கேசட்டை இனி எந்த டேப்ரெக்கார்டரிலும் போடாதீர்கள். டேப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கத்துவது கூடு. கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். திருகு போட்ட நல்ல கூட்டுக்கு மாற்றி, மெதுவாக ஒருமுறை முழுக்கச் சுற்ற வேண்டும். ஹெட் பக்கத்துச் சின்னத் திருகை ‘ச’, ‘ஸ’ கூர்மையாகக் கேட்கும்வரை சரிசெய்து, சத்தத்தைச் சுருக்காத 24 பிட் வேவ் ஃபைலாக எடுக்கச் சொல்லுங்கள்; நேராக எம்பி3 வேண்டாம். இரைச்சலை நீக்கித் தருகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். பி பக்கத்தில் கடலை பொரிகிற மாதிரி வருவது டேப் கோளாறு இல்லை. அஸ்பெஸ்டாஸ் மேல் மழை.