கடைக்குள் ஒரு கண்காட்சி

கேள்வி: வடசென்னை எம்.சி. ரோடு பக்கத்தில் வீட்டு அலங்காரப் பொருள்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். மேசை, நாற்காலி, விளக்கு எல்லாம் டிசைன் செய்யும் இளைஞர் ஒருவர், தீபாவளிக்கு முன்னால் தன் பொருள்களை என் கடையில் பத்து நாள் கண்காட்சியாக வைக்கலாமா என்கிறார். கடை முழுவதையும் காலி செய்து, 'தொடாதீர்கள்' என்று போர்டு வைக்க வேண்டுமாம். என் கணவரோ, "இதெல்லாம் நுங்கம்பாக்கத்தில்தான் எடுபடும், இங்கே யார் வருவார்கள்?" என்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. எம்.சி. ரோட்டுக்கு வருகிறவர்கள் யார்? கல்யாணத்துக்குத் துணி எடுக்கிறவர்கள். அடுத்த மாதம் தனிக்குடித்தனம் போகப்போகும் ஜோடி அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. கட்டிலும் மேசையும் வாங்கப்போவது அவர்கள்தானே! 2019-லிருந்து மெட்ரோ வண்ணாரப்பேட்டைக்கே வருகிறது. தெற்கே இருப்பவர்களுக்கும் சாக்குச் சொல்ல வழியில்லை.

ஆனால் தீபாவளி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றில் மரம் ஈரத்தை இழுத்து உப்பும். வாடிக்கையாளர் முன்னால் டிராயர் திறக்காமல் மக்கர் செய்தால் அந்தத் தம்பிக்குத்தான் அவமானம். நம் பக்கம் தெருவில் தண்ணீர் நிற்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது. பொங்கல் முடிந்ததும் தையில் வையுங்கள்.

அந்த போர்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உட்கார்ந்து பார்க்காமல் யார் நாற்காலி வாங்குவார்? உட்காரும் பலகை 45 செ.மீ., மேசை 75 செ.மீ. என்பது வழக்கமான அளவு. ஆனால் மூட்டுவலிக்காரப் பாட்டி உட்கார்ந்து எழும்போது அவர் கை எதைத் தேடுகிறது என்று டிசைனர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கல்லூரியில் அவருக்கு அதை யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். கண்ணாடி, பீங்கான் சாமான்களை மட்டும் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் போதும்.

கடை முழுவதையும் காலி செய்யவும் வேண்டாம். முன்பக்கத்தை மட்டும் ஒதுக்குங்கள். தரையில் பத்தடிக்குப் பத்தடி டேப் ஒட்டி, அதற்குள் கட்டில், மேசை, விளக்கு எல்லாம் அடங்கும்படி வையுங்கள். நம் வீட்டு அறைகள் அந்த அளவுதான். பார்க்கிறவர் மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிடுவார். விலைச்சீட்டில் விலையோடு மரத்தின் பெயர், நீள அகல உயரம், கழற்றி மாட்ட முடியுமா என்பதும் இருக்கட்டும். ராயபுரம் வீட்டு மாடிப்படியில் திரும்பாத சோபா எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்? வெள்ளை டியூப்லைட்டில் தேக்கு களையிழந்து தெரியும். 3000 கெல்வின் அளவில் மஞ்சள் கலந்த வெளிச்சம் போடுங்கள்.

இனி காகித வேலை. பொருள்களை நீங்கள் விலைக்கு வாங்காதீர்கள். விற்றால் பங்கு, விற்காவிட்டால் திருப்பித் தருவது என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு கேட்பது என் கணக்கில் நியாயம். வாடகையும் ஆளும் கரண்டும் உங்களுடையவை. அவர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவரென்றால் இப்படிக் கொடுக்கும்போது டெலிவரி சலான் (பொருளை அனுப்பியதற்கான சீட்டு) போதும். விற்பனையானதும் பில் போட வேண்டும். விற்காமல் உங்களிடமே இருந்தாலும் ஆறு மாதம் தாண்டுவதற்குள் பில் போட்டாக வேண்டும்.

உங்கள் கடையின் தீ விபத்துக் காப்பீட்டை எடுத்துப் பாருங்கள். பொதுவாக அது உங்கள் சரக்குக்குத்தான் பொருந்தும். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளையும் பாலிசியில் தனியாகச் சேர்த்தால்தான் இழப்பீடு கிடைக்கும்.

இன்னொன்றை அந்தத் தம்பியிடம் அவசியம் சொல்லுங்கள். 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் பத்து ஆண்டு பாதுகாப்பு, கேட்டால் மேலும் ஐந்து ஆண்டு. ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே டிசைன் வெளியே தெரிந்துவிட்டால் அது 'புதியது' ஆகாது. கடையில் நாலு பேர் பார்க்க வைப்பதும், அழைப்பிதழில் படம் போடுவதும் வெளியிட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். அதனால் விண்ணப்பம் முதலில், அழைப்பிதழ் பிறகு.

கடைசியாக, உங்கள் கடையில் பார்த்தவர் இரண்டு மாதம் கழித்து நேராக அவரிடம் போய் ஆர்டர் கொடுத்தால் உங்களுக்குப் பங்கு உண்டா? வீடு வரைக்கும் குட்டியானை லோடு வண்டி வாடகை யார் தலையில்? இந்த இரண்டையும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இப்போதே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.