மானியத்தில் உயர்த்திய வீட்டை விற்கும் முன்

கேள்வி: ஹூஸ்டனில் பிரேஸ் பையு என்ற ஓடைப் பக்கம் எங்கள் வீடு. 2017 ஹார்வி புயலில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாநகராட்சி வழியாக, மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் மானியம் வாங்கி, வெள்ளம் எட்டாதபடி வீட்டை உயர்த்தினோம். 2020-இல் வேலை முடிந்தது. சுவரெல்லாம் விரிசல் விட்டு, படிக்கட்டையும் கோணலாக வைத்துவிட்டுக் கான்ட்ராக்டர் போய்விட்டார். மாநகராட்சியில் எத்தனை முறை முறையிட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக் கடன் முடிந்ததால் வெள்ள இன்ஷூரன்ஸைச் சென்ற வருடம் நிறுத்திவிட்டோம். உயர்த்திய வீட்டுக்கு அடியில், மாடி ஏற முடியாத என் மாமியாருக்கு ஓர் அறையும் குளியலறையும் கட்டியிருக்கிறோம். இப்போது என் கணவரின் நண்பருக்கே வீட்டை விற்கப் போகிறோம். கான்ட்ராக்டரிடமும் மாநகராட்சியிடமும் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டாம். டெக்சாஸில் ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போடப் பொதுவாக 4 ஆண்டுகள்தான் அவகாசம், அது தாண்டிவிட்டது. மாநகராட்சி மேல் போனால் அரசு அமைப்புகளுக்கு உள்ள சட்ட விலக்கு குறுக்கே நிற்கும். விரிசலுக்குப் பட்டி பார்த்துவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பதற்றம் தந்தது இன்ஷூரன்ஸை நிறுத்திவிட்டோம் என்று போகிற போக்கில் எழுதிய வரிதான். அதை வங்கி கேட்கிற இன்ஷூரன்ஸ் என்று நினைத்துவிட்டீர்கள். வெள்ள அபாயப் பகுதியில் இந்த மானியம் வாங்கிய வீட்டுக்கு, கடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், யார் கைக்கு மாறினாலும், வெள்ள இன்ஷூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும். மானியம் வாங்கும்போது அதற்குத்தான் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த அறிவிப்பு ஹாரிஸ் கவுண்டி நிலப் பதிவில் உங்கள் பத்திரத்தோடு ஏறியிருக்கும், ஒரு நகல் எடுத்துப் படியுங்கள். இன்ஷூரன்ஸ் இல்லாத நிலையில் மறுபடி வெள்ளம் வந்தால், வீட்டைச் சரிசெய்ய மத்திய அரசின் பேரிடர் உதவி உங்களுக்குக் கிடைக்காது.

விற்பனையில்தான் பெரிய ஆபத்து. இன்ஷூரன்ஸ் நிபந்தனையை வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதுவும் உரிமை மாற்றும் ஆவணத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது மத்திய சட்டம். தெரிவிக்காமல் விற்று, அவரும் இன்ஷூரன்ஸ் எடுக்காமல் விட்டு, வெள்ளம் வந்து, அரசு அவருக்கு உதவித்தொகையும் கொடுத்துவிட்டால், அந்தத் தொகையை அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டியவர் விற்றவர். அதாவது நீங்கள். வீட்டை விற்று, பணத்தைச் செலவழித்து, வேறு ஊருக்குக் குடிபோன பிறகும் இது துரத்தி வரும்.

என்னிடம் வருகிறவர்கள் விழுகிற பள்ளம் இதுதான். முன்பின் தெரியாதவருக்கு விற்றால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறார்கள். நண்பருக்கு விற்கும்போதுதான் “அவருக்குத் தெரியாததா, நம்ம வீட்டிலேயே சாப்பிட்டவர்” என்று விட்டுவிடுகிறார்கள். வாயால் சொன்னது இந்தச் சட்டத்தின் முன் செல்லாது. டெக்சாஸ் விற்பனையாளர் தரும் வெளிப்படுத்தல் படிவமும், 2019 செப்டம்பர் முதல், வீட்டில் முன்பு வெள்ளம் புகுந்ததா, இப்போது வெள்ள இன்ஷூரன்ஸ் உண்டா, ஃபீமா உதவி பெற்றீர்களா என்று நேராகவே கேட்கிறது. அதில் ‘இல்லை’ என்று டிக் செய்துவிட்டால், அந்த நண்பரே நாளைக்கு உங்கள் மேல் மோசடி வழக்குப் போடலாம்.

அப்புறம் அந்த அறை. வீட்டுக்கு அடியில் உள்ள இடம் கார் நிறுத்த, சாமான் வைக்க, மேலே ஏறிப் போக மட்டும்தான். சுவரில் தரையோடு சேர்ந்தாற்போல் சில திறப்புகள் விட்டிருப்பார்கள், வெள்ளம் வந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேறுவதற்காக. அறை கட்டும்போது அவற்றை அடைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரியவருக்காகச் செய்தது எனக்குப் புரிகிறது, ஆனால் சட்டத்தின் கண்ணில் இது மானிய நிபந்தனையையும், வெள்ளம் பரவும் தாழ்நிலத்தில் கட்டுவதற்கான வெள்ளச்சமவெளி விதியையும் மீறிய கட்டுமானம். மாநகராட்சி முறைப்படி விதிமீறல் என்று அறிவித்து ஃபீமாவுக்கு அனுப்பினால், அந்த வீட்டுக்கு அரசு வெள்ள இன்ஷூரன்ஸே கிடைக்காமல் போகலாம். விலையைக் குறைத்துக் கொடுத்து இந்தக் குறையை நண்பர் தலையில் கட்டவும் முடியாது. அறையை எடுங்கள், குழாய் இணைப்பையும் எடுங்கள், திறப்புகளைத் திறந்து விடுங்கள். மாமியாருக்கு மேலேறிப் போக லிஃப்ட் வைக்க முடியுமா என்று பாருங்கள்.

இன்ஷூரன்ஸை இந்த வாரமே எடுங்கள். அரசுத் திட்டத்தில் பாலிசி அமலுக்கு வரப் பொதுவாக 30 நாள் ஆகும், ஜூன் 1-இல் புயல் பருவம் தொடங்கிவிடும். ஒருமுறை விட்டுவிட்டதால் பழைய சலுகைப் பிரீமியம் போய்விட்டது, முழுத் தொகையும் கேட்பார்கள், கட்டுங்கள். பாலிசி உயிரோடு இருந்தால் அதை வாங்குபவர் பெயருக்கே மாற்றித் தரலாம், அவருக்கு அது லாபம்.

இதையெல்லாம் கேட்டதும் நண்பர் விலையைக் குறைக்கச் சொல்வார். குறையுங்கள், பேரம் பேச வேண்டாம். உயர்ந்த பிரீமியத்தையும் விரிசல் சுவரையும் சேர்த்து ஒரு தொகை பேசி, ஒப்பந்தத்தில் எழுதி முடியுங்கள். பத்திரத்தில் இன்ஷூரன்ஸ் அறிவிப்பைச் சேர்க்க உரிமை மாற்றத்தை நடத்தித் தரும் டைட்டில் கம்பெனியிடம் இப்போதே சொல்லுங்கள். புது பாலிசி அமலான பிறகு க்ளோசிங் (விற்பனையை முடித்து வீட்டை ஒப்படைக்கும்) தேதி வையுங்கள், அதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.