பாக் குடும்பம், மூன்று கருவிகள்: கேள்வி பதில்

ஜெர்மானிய இசையமைப்பாளர்களான பாக் குடும்பத்தின் இசையை ஹார்ப்சிகார்டு, கிளாவிகார்டு, பழைய பியானோ ஆகிய மூன்று விசைக்கருவிகளிலும் வாசிக்கும் கச்சேரியை ஒட்டி வந்த கேள்விகள்.

கே: ஒரே குடும்பத்துக்கு மூன்று கருவிகள் எதற்கு?

ப: தலைமுறைக்குத் தலைமுறை ரசனை மாறியது. செபாஸ்டியன் பாக் (1685–1750) அதிகம் வாசித்த ஹார்ப்சிகார்டில் ஓங்கி அடித்தாலும் ஒலி அதிகமாகாது. இறகுமுனை கம்பியை மீட்டிவிட்டு விலகிவிடும். மகன் இமானுவேலுக்குப் (1714–88) பிடித்தது கிளாவிகார்டு. அதில் விசையை விடும்வரை பித்தளைத் தகடு கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். விரலை லேசாக ஆட்டினால் சுரமும் ஆடும், ஏறக்குறைய வீணைக் கமகம்தான். 1781இல் தன் கிளாவிகார்டை இன்னொருவருக்குக் கொடுத்தபோது பிரிவுத் துயராக ஒரு ரோண்டோவே (ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும் துண்டு) எழுதினார். ஆனால் அவருடைய கடைசித் தம்பி கிறிஸ்டியான் 1768இல் லண்டன் மேடையில் தனியாகப் பியானோ வாசித்துவிட்டார்.

கே: கிளாவிகார்டு ஒலிப்பதிவை எப்படிக் கேட்பது?

ப: சத்தத்தைக் குறைத்து. பக்கத்து அறைக்கே எட்டாத கருவி அது.

கே: பிரபலமான ‘ஜி மேஜர் மினுவெட்’ என்ற நடன இசைத்துண்டு செபாஸ்டியன் பாக் எழுதியதுதானே?

ப: இல்லை, எழுதியவர் கிறிஸ்டியான் பெட்ஸோல்டு என்ற வேறொருவர். பாக் மனைவியின் 1725ஆம் ஆண்டு நோட்டில் இருந்ததால் வந்த குழப்பம்.

கே: பாக்கைப் பியானோவில் வாசிப்பது துரோகமில்லையா? அவருக்கே பியானோ பிடிக்காதே!

ப: ஜில்பர்மன் என்ற கருவி செய்பவரின் பியானோவை முதலில் பார்த்தபோது, அதில் மேல்சுரங்கள் பலவீனம், விசை கனம் என்று குறை சொன்னார். பிறகு திருத்திச் செய்ததை ஒப்புக்கொண்டார். 1747இல் போட்ஸ்டாம் அரண்மனையில் மன்னர் முன் வாசித்ததும் பியானோதான்.

கே: அப்படியானால் எல்லாவற்றையும் பியானோவிலேயே வாசிக்கலாமே?

ப: தாராளமாக. ஆனால் செபாஸ்டியன் பாக்கின் ‘கோல்ட்பர்க் மாறுபாடுகள்’ என்ற படைப்பில் சில துண்டுகள், இரண்டு விசைவரிசைக்கு எழுதியவை. ஒரே வரிசையில் கைகள் முட்டிக்கொள்ளும். துரோகமில்லை, அவஸ்தை.

கே: பாக்கின் மினுவெட்டைக் கிளாவிகார்டில் வாசிக்கலாமா?

ப: பெட்ஸோல்டின் மினுவெட்டை வாசிக்கலாம். சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள்.

கே: ஹார்ப்சிகார்டு என்ன விலை?

ப: கருவி செய்பவரைக் கேளுங்கள்.

கே: பேரன்கள் யாரும் இசைக்கு வரவில்லையா?

ப: வில்ஹெல்ம் ஃபிரீட்ரிக் எர்ன்ஸ்ட் (1759–1845) வந்தார். லண்டன் சித்தப்பா கிறிஸ்டியானிடம் படித்தவர். ஒரே பியானோவில் மூன்று பேர் வாசிக்க ஒரு துண்டு எழுதினார். நடுவில் ஆண், இரு பக்கமும் பெண்கள். ஓரச் சுரங்களைத் தொட அந்த ஆண் இரு பெண்களையும் சுற்றிக் கை நீட்ட வேண்டும். தாத்தா செபாஸ்டியனின் ஃபியூகுகளுக்கு (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் துண்டுகள்) பிறகு அதை வாசித்தால் அரங்கமே சிரிக்கும்.