தண்டனையைக் கடுமையாக்கினால் விதிமீறல் குறையாதா? சமூகவியல் என்ன சொல்கிறது?

இந்தக் கேள்விக்கு ஒரே கோட்பாட்டில் விடை கிடைக்காது. ஆனால் பாடநூல்கள் எதிரெதிர் அணிகளாக நிறுத்தும் இரண்டு கோட்பாடுகளைச் சேர்த்துப் படித்தால் பெரும்பகுதி தெளிவாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று, சமூகத்தோடு உள்ள பிணைப்புகளே மனிதர்களை விதி மீறாமல் தடுக்கின்றன என்னும் சமூகப் பிணைப்புக் கோட்பாடு. மற்றொன்று, ஒருவரைக் குற்றவாளி என்று ஊர் முத்திரை குத்துவதே அவரை மேலும் குற்றத்தை நோக்கித் தள்ளுகிறது என்னும் முத்திரையிடல் கோட்பாடு.

அவற்றுக்கு முன்னோடிகளாக இரு சமூகவியலாளர்களைச் சொல்லியாக வேண்டும். குற்றமே இல்லாத சமூகம் இருக்க முடியாது என்று எமில் துர்கைம் 1895-இல் எழுதினார். துறவிகள் மட்டுமே வாழும் மடத்திலும், வெளியுலகம் பொருட்படுத்தாத ஒரு சிறு பிழை பெருங்குற்றமாகக் கருதப்படும் என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. ராபர்ட் மெர்ட்டன் 1938-இல் வேறொரு கோணத்தை முன்வைத்தார். செல்வமும் வெற்றியுமே வாழ்வின் இலக்கு என்று எல்லோருக்கும் கற்பித்துவிட்டு, அதை அடையும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைக்கும் சமூகத்தில் நெருக்கடி உண்டாகிறது. அதில் சிலர் குறுக்கு வழியை நாடுகிறார்கள். இலக்கை மறந்து விதியை மட்டும் இறுகப் பற்றிக்கொள்பவரையும் மெர்ட்டன் பிறழ்ந்தவராகவே கணக்கிட்டார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எனினும், அதே நெருக்கடியில் வாழும் பெரும்பாலோர் ஏன் குறுக்கு வழியில் போவதில்லை என்பதற்கு இந்த விளக்கம் போதாது.

சமூகப் பிணைப்புக் கோட்பாட்டை முன்வைத்த டிராவிஸ் ஹிர்ஷி 1969-இல் பிடித்துக்கொண்ட இடம் அதுதான். மனிதர்கள் ஏன் விதியை மீறுகிறார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, ஏன் மீறாமல் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். வேண்டியவர்கள்மீது உள்ள பற்று, இழந்துவிடக்கூடாது என்று காத்துவைத்திருக்கும் படிப்பும் வேலையும், நேரத்தை நிறைக்கும் அன்றாடப் பணிகள், விதி நியாயமானது என்ற நம்பிக்கை ஆகிய நான்கும் சேர்ந்து மனிதனைக் கட்டிவைக்கின்றன என்பது அவருடைய விடை. கலிபோர்னியாவின் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், வெளியே போகும்போது தாங்கள் எங்கே, யாருடன் இருக்கிறோம் என்பது தாய்க்குத் தெரியும் என்று சொன்ன சிறுவர்களிடம் குற்றச் செயல்கள் குறைவாக இருந்தன. சபலம் வரும் அந்த நொடியில் தாய் அருகில் இருப்பதில்லை. ஆனால் மகனின் நினைவில் இருக்கிறார். எந்தக் காவலரும் போய்ச் சேர முடியாத இடம் அது. சமூகக் கட்டுப்பாட்டின் பெரும்பகுதி இப்படித்தான் ஓசையின்றி நடக்கிறது.

முத்திரையிடல் கோட்பாட்டைப் புரிந்துகொள்ள, வில்லியம் சாம்பிளிஸ் 1973-இல் வெளியிட்ட ஆய்வைவிடச் சிறந்த வாயில் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் ஒரே பள்ளியில் படித்த இரண்டு குழுக்களை அவர் நெருங்கிக் கவனித்தார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர். ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர். இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தவறு செய்தார்கள். வசதியானவர்கள் பொய்க் காரணம் சொல்லி வகுப்பிலிருந்து நழுவினார்கள், குடித்துவிட்டுக் கார் ஓட்டினார்கள், சாலைப் பள்ளங்களைச் சுற்றியிருந்த தடுப்புகளை அகற்றிவிட்டு வண்டிகள் விழுவதை வேடிக்கை பார்த்தார்கள். ஆயினும் அவர்களுக்குக் கார் இருந்ததால் ஊரார் கண்ணில் படாத இடங்களுக்குப் போக முடிந்தது. காவலர் நிறுத்தினால் பணிவாக மன்னிப்புக் கேட்கவும் தெரிந்திருந்தது. அவர்களில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. ஏழைச் சிறுவர்களோ கடைவீதியில் எல்லோர் பார்வையிலும் நின்றார்கள், எதிர்த்துப் பேசினார்கள், திரும்பத் திரும்பக் காவலரிடம் சிக்கினார்கள். பிற்காலத்தில் அவர்களில் இருவர் கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்றார்கள். அதே ஆறு பேரில் வேறு இருவர் கால்பந்துத் திறமையால் கல்லூரி உதவித்தொகை பெற்று, ஆசிரியர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் ஆனார்கள்.

நான் சுட்டிக்காட்ட விரும்புவது இந்த இருவரைத்தான். ஊர் குத்திய முத்திரை அவர்கள்மீதும் இருந்தது. ஆனால் இழக்க விரும்பாத ஒன்று அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. முத்திரை ஒருவரைக் கெடுப்பதற்குக் காரணம், அவர் அந்தப் பெயரை நம்பிவிடுவது மட்டுமன்று. ஹிர்ஷி சொன்ன பிணைப்புகளை அது ஒவ்வொன்றாக அறுப்பதும்தான். ஆசிரியர் ஒதுக்குகிறார், நண்பனின் பெற்றோர் வீட்டுக்குள் விட மறுக்கிறார்கள், வேலை கொடுக்க ஆள் இல்லை. ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாபும் பாஸ்டன் பகுதிச் சீர்திருத்தப் பள்ளிகளில் முன்பு இருந்த 500 சிறுவர்களின் பழைய ஆய்வுப் பதிவுகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோது, நிலையான வேலையும் நல்ல மணவாழ்வும் பலரைக் குற்றத்திலிருந்து விலக்கியதைக் கண்டார்கள். நீண்ட சிறைவாசமோ அந்த வேலை வாய்ப்பையே பறித்துக் குற்றத்தை நீட்டித்தது. எனவே தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தண்டனை ஒருவரிடம் எத்தனை பிணைப்புகளை மிச்சம் வைக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்காமல், அதன் கடுமையை மட்டும் அளப்பது தவறு என்கிறேன்.

இந்த விளக்கம் எட்டாத ஒரு பகுதியும் உண்டு. எட்வின் சதர்லாண்ட் 1949-இல் வெளியிட்ட நூலுக்காக அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்களை ஆராய்ந்தபோது, அவற்றுக்கு எதிராக 980 தீர்ப்புகளும் ஆணைகளும் இருந்ததைக் கண்டார். ஒரு நிறுவனம்கூட விடுபடவில்லை. அவற்றை நடத்தியவர்களுக்குக் குடும்பம், பதவி, நற்பெயர் என எந்தப் பிணைப்புக்கும் குறைவில்லை. அவர்கள் மீறலையும் அதற்கான நியாயத்தையும் தம் அலுவலகச் சகாக்களிடமே கற்றுக்கொண்டார்கள் என்றார் சதர்லாண்ட். அங்கே பிணைப்பே மீறலுக்குத் துணைபோகிறது. அத்தகையோர்மீது முத்திரையும் எளிதில் விழுவதில்லை. கடுமையான தண்டனை வேண்டும் என்ற வாதத்துக்கு வலு இருக்கும் இடம் எனக்குத் தெரிந்தவரை இதுதான். ஆனால் அந்த வாதத்தை முன்வைப்பவர்கள் பெரும்பாலும் கடைவீதியில் நிற்கும் சிறுவர்களையே மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.